அழுதுகிட்டே சொன்ன சரி

உட்காருங்கம்மா, பையை நான் மடியில வச்சுக்கிறேன். ஜன்னல் ஓரம் வேணுமா? வேண்டாமா, சரி. இதைத்தானே பார்க்கிறீங்க, கழுத்துல கிடக்கிற ஹெட்போனை. ஏறினதுலேர்ந்து கண்டக்டர் உட்பட எல்லாரும் இதைத்தான் பார்க்கிறாங்க. பாட்டுக் கேட்கிறதுக்கு இல்லைம்மா. வயர் எதுலயும் சொருகலை, பைக்குள்ள சும்மா கிடக்கு பாருங்க. காதுல மாட்டினா பஸ் சத்தம் பாதி குறையும், அதுக்காக. பின்பக்கம் மூடின வகை இது. இன்னொரு வகை உண்டு, முதுகுல சல்லடை மாதிரி ஓட்டை இருக்கும், உள்ள ஓடுறது பக்கத்துல இருக்கிறவங்களுக்கும் கேட்கும். இது அப்படி இல்லை. உள்ள இருக்கிறது உள்ளேயே, வெளிய இருக்கிறது வெளியவே. தொட்டுப் பாருங்க, அந்த மெத்தையைத் தொட்டுப் பாருங்க. குழந்தை கன்னம் மாதிரி இல்லை?

இந்த மெத்தையாலதான் எனக்கு வேலை போச்சு. கல்யாணமும் இதாலதான். என் கல்யாணம் இல்லை, அந்தப் பொண்ணு கல்யாணம். அதுக்குத்தான் திருமங்கலம் போறேன். நீங்க மதுரையா? அப்போ நேரம் இருக்கு, சொல்றேன்.

ஞானசுந்தரின்னு சொன்னா என்னை யாருக்கும் தெரியாது. சென்னையில சாலிகிராமத்துல போய் அழுகை சுந்தரின்னு கேளுங்க, டீக்கடைக்காரரே வழி சொல்லுவார். சீரியலுக்குக் குரல் கொடுக்கிறவ நான். பேசுறதுக்கு ஆயிரம் பேர் இருக்காங்க, அழுறதுக்கு நான்தான். ஒரு சீரியல்ல கதாநாயகி பேரு கோதை. சீரியல் பேரு வேண்டாம், நீங்க பார்க்கிறவங்களா இருந்தா சங்கடப்படுவீங்க. கோதையா நடிக்கிற பொண்ணு மைசூர்ப் பக்கம், பிரதிக்ஷான்னு பேரு. முகம் அவளோடது, குரல் என்னோடது. ஆறு வருஷமா அவ வாயைத் திரையில பார்த்துப் பார்த்துப் பேசுறேன், நேர்ல ஒரு தடவை பார்த்தது கிடையாது. அவங்க ஷூட்டிங் போரூர் தாண்டி ஒரு பங்களாவுல. நாங்க இங்க ஒரு சின்ன ரூம்ல ஏசி போட்டு உட்கார்ந்திருப்போம்.

வேலை எப்படின்னா, ஷூட்டிங்ல அங்க பதிவான சத்தம் எங்க காதுல ஓடும். அதைக் கேட்டுக்கிட்டு, வாய் அசைவைப் பார்த்துக்கிட்டு, நாம தமிழ்ல பேசணும். காதுல ஓடுறது வெளிய கசிஞ்சா மைக் பிடிச்சுக்கும், அதனால மூடின ஹெட்போன்தான் வேணும். எங்க டப்பிங் தியேட்டர்ல முன்னாடி ஒரு பழைய ஹெட்போன் இருந்துச்சு. அதோட ரெண்டு பக்கமும் காதை நெரிக்கும்மா, கொறடு போட்ட மாதிரி. ஸ்பாஞ்ச் உரிஞ்சு கறுப்பு கறுப்பா காதுல ஒட்டிக்கும். தலை மேல வர்ற பட்டையில டேப் சுத்தியிருக்கும், அதுல முடி சிக்கி இழுக்கும். சத்தம்னா ஒரே இரைச்சல், பக்கத்து வீட்டுல மிக்ஸி ஓடுறாப்ல. அதை மாட்டி ஒரு நிமிஷத்துல எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடும். குரல் தானா உடையும். மைக்கை ஆன் பண்ணுங்கன்னு கையைக் காட்டுவேன், ஒரே டேக். அது தெய்வம் கொடுத்தது. எத்தனை பேர் அதே ஹெட்போனை மாட்டிக்கிட்டுப் பேசினாங்க, எல்லாருக்குமா அழுகை வந்துச்சு? அவங்களும் கண்ணைத் துடைச்சுக்கிட்டுத்தான் வெளிய வருவாங்க, அது வேற. அது அழுகை இல்லை.

அப்புறம் எங்க ஓனரோட மருமகன் சிங்கப்பூர்லேர்ந்து வந்தப்போ புதுசு ஒண்ணு வாங்கிட்டு வந்தார். இதே மாடல்தான், இதே கறுப்பு, விளிம்புல இதே செம்பு வளையம். பார்க்கிறதுக்கு எவ்வளவு அடக்கமா இருக்கு பாருங்க. பளபளப்பு இல்லை, எழுத்து இல்லை. அதை மாட்டிக்கிட்டு ஒரு போட்டோ எடுத்து என் தம்பி பொண்டாட்டிக்கு அனுப்பினேன். அண்ணி நீங்க விமானம் ஓட்டுற மாதிரி இருக்கீங்கன்னு பதில் போட்டா. அவ வாயில என்னைப் பத்தி நல்லதா வந்தது அதுதான் முதல். பட்டை உட்காரணும்னு கொண்டையைக் கழுத்துக்கு இறக்கிட்டேன், பூவை விட்டுட்டேன்.

மாட்டினதும் என்ன தோணுச்சு தெரியுமா? யாரோ வேண்டியவங்க பின்னால வந்து ரெண்டு காதையும் பொத்தி, யாருன்னு கண்டுபிடின்னு விளையாடுற மாதிரி இருந்துச்சு. கனமே இல்லை. உலகத்துல சத்தமே இல்லை. எனக்குத் தூக்கம்தான் வந்துச்சு.

அன்னைக்குக் காட்சி என்னன்னா, கோதையோட புருஷன் செத்துட்டான். நடுக்கூடத்துல பொணம், கோதை மேல விழுந்து அழணும். சவுண்ட் என்ஜினியர் ஜெரால்டு, தம்பி மாதிரி, ரெடியாக்கான்னு கேட்டான். ரெடின்னேன். வாயைத் திறந்தா கொட்டாவி வருது. அழுகையைக் கூப்பிடுறேன், வரமாட்டேங்குது. ஐயோ என்னை விட்டுட்டுப் போயிட்டீங்களேன்னு சொல்றேன், கடைக்குப் போனவரைச் சொல்ற மாதிரி இருக்கு. ஜெரால்டு கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து பார்த்துட்டு, அக்கா, பழசு நெரிச்சதாலதான் அழுகை வந்துச்சோன்னு கேட்டான். அந்த வார்த்தைக்கு அவன்கூட நான் ரெண்டு நாள் பேசலை. காது நெரிஞ்சதுக்கும் கலைக்கும் என்னம்மா சம்பந்தம்?

அழுகை வராததுக்குக் காரணம் வேற. அந்த ஹெட்போன்ல எல்லாம் கேட்டுச்சு, அதான் காரணம். அதுவரைக்கும் இரைச்சலா இருந்துச்சே, அந்த இரைச்சலுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. அங்க ஒருத்தர் முறுக்கு தின்கிறார், அது கேட்குது. ஃபேன் கிறீச்சிடுது. இந்தப் பொண்ணு புருஷன் மேல விழுந்து கதறுறாளே, என்ன சொல்லிக் கதறுறான்னு கேட்டா, ஒந்து, எரடு, மூரு, நால்கு. வசனம் மனப்பாடம் ஆகலை, கன்னடத்துல ஒண்ணு ரெண்டு எண்ணி அழுதுகிட்டிருக்கா. ஆறு வருஷமா நான் உருகி உருகி அழுதது எல்லாம் கணக்குக்குத்தான். சரி, அதுகூடப் பரவாயில்லை, எல்லாரும் செய்றதுதான். ஐது, ஆரு, ஏளுன்னு அவ போறப்போ, அடியில இன்னொரு குரல் கேட்குது. ஆம்பளைக் குரல். உதட்டை அசைக்காம, மூச்சுலயே பேசுற குரல்.

பொணம் பேசுதும்மா.

அந்தப் புருஷனா நடிச்ச பையன் பேரு சரவணப்பெருமாள். திருமங்கலத்துக்காரன். கண்ணை மூடி, மூக்குல பஞ்சை வச்சுப் படுத்துக்கிட்டு அவகிட்ட சொல்றான். பிரதிக்ஷா, நான் இந்தச் சீரியல்ல செத்துட்டேன், இந்தக் காட்சி முடிஞ்சா செட்டுக்கு வர முடியாது, அதனால இப்பவே கேட்டுடறேன், என்னைக் கட்டிக்கிறீங்களா. அவ எண்ட்டு, ஒம்பத்து, ஹத்து.

எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க. எழவு வீட்டுல உட்கார்ந்து கல்யாணப் பேச்சைக் கேட்கிற மாதிரி. அதுவும் ஒரு நாள்ல முடியலை. சீரியல்ல பொணத்தை லேசுல எடுப்பாங்களா? மாமா வர ஒரு எபிசோட், சித்தப்பா வெளிநாட்டுலேர்ந்து வர ரெண்டு எபிசோட், சித்தப்பாவுக்கும் மாமாவுக்கும் சண்டை வர இன்னொண்ணு. அத்தனை நாளும் அந்தப் பையன் படுத்தபடியே பேசிக்கிட்டிருக்கான். உங்க கண்ணீர் என் கழுத்துல விழுது, கிளிசரின் எரியுது, பரவாயில்லை அழுங்கங்கிறான். கால் மரத்துப்போனா என் கை மேல சாஞ்சுக்குங்க, நான் பொணம்தானே, எனக்கு வலிக்காதுங்கிறான். எங்க வீட்டுக்காரர் உயிரோட இருந்த காலத்துல என்கிட்ட இப்படி ஒரு வார்த்தை சொன்னது கிடையாது. ஜெரால்டுக்கு இது எதுவும் தெரியாது. அவன் என் மைக்கைத்தான் கேட்பான். உலகத்துலயே நான் ஒருத்திதான் கேட்டேன். ஒட்டுக் கேட்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. வேலை, காதுல ஓடுது, கேட்டாகணும். மத்தியானம் வீட்டுக்குப் போகாம முந்தின நாள் ரீலையும் ஒரு தடவை போடச் சொல்லிக் கேட்டேன்னா, அது சந்தேகம் வரக்கூடாதுங்கிறதுக்காக.

எழவுக் காட்சிக்குக் கடைசி எபிசோட். பொணத்தைத் தூக்கப்போறாங்க. அவன் கேட்கிறான், இதான் கடைசி, ஒரு பதில் சொல்லுங்க, அழுதுகிட்டே சொன்னா யாருக்கும் தெரியாது. இவ எண்ணிக்கையை நிறுத்திட்டா. நிறுத்திட்டு, ஹூ... ஹூ...ன்னா.

கன்னடத்துல ஹூன்னா என்ன தெரியுமா? சரின்னு அர்த்தம். என் தம்பி பொண்டாட்டி கோலார்க்காரி, அவகூடச் சண்டை போட்டுப் போட்டே நான் கன்னடம் கத்துக்கிட்டேன். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு. எழுதிக் கொடுத்த வசனத்துல அந்த இடத்துல ஒண்ணும் இல்லை, வெறும் அழுகைன்னு போட்டிருந்தாங்க. ஆனா பொண்ணு பதில் சொல்லியிருக்காளே, அதைத் தமிழ்ல சொல்ல வேண்டியது என் கடமை இல்லையா? வாய் அசைவுக்குச் சரியா உட்கார்ற மாதிரி, சரிங்க, எனக்குச் சம்மதம்ங்கன்னு சொன்னேன். என்ன குரல்ல சொன்னேன் தெரியுமா. இதோ இப்படி, உள்ள இழுத்து. அன்னைக்குத்தான் புது ஹெட்போன்ல எனக்கு அழுகை வந்துச்சு. ஜெரால்டு கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். அவன் வார்த்தையைக் கவனிக்கலை, அழுகையைத்தான் கவனிச்சான்.

டிவியில அப்படியே வந்துச்சு. ஜனங்களுக்கு ஒண்ணும் தப்பாத் தெரியலை. புருஷன் ஆத்மா விடை கேட்குது, இவ கொடுக்கிறான்னு எடுத்துக்கிட்டாங்க. எங்க தெருவுல ரெண்டு வீட்டுல அன்னைக்கு ராத்திரி சாப்பிடலை. சேனல்ல ஏகப்பட்ட பாராட்டு.

ஆனா திருமங்கலத்துல ஒருத்தன் அம்மாகூட உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருந்தான் பாருங்க, அவன் எடுத்துக்கிட்டது வேற. கேட்டது அவன், பதில் வந்துடுச்சு. மறுநாளே வண்டி ஏறிட்டான். பழத்தட்டு, பூ, பட்டுப்புடவையோட அந்தப் பொண்ணு தங்கியிருக்கிற வீட்டுக் கதவைத் தட்டியிருக்கான். அவளுக்கு ஒண்ணும் புரியலை. நான் எப்ப சொன்னேன்கிறா. இவன், நேத்து ஏழரைக்கு நீங்க சொன்னதைத் தமிழ்நாடே கேட்டுச்சுங்கிறான். அவ போன்ல போட்டுப் பார்த்திருக்கா. அவ வாய், அவ முகம், சம்மதம்ங்கன்னு சொல்லுது. பயந்துபோய் சீரியல் மேனேஜர் வேலாயுதத்தைக் கூப்பிட்டா. வேலாயுதம் எல்லாரையும் தியேட்டருக்கு இழுத்துக்கிட்டு வந்துட்டார், யார் சொன்னதுன்னு தெரியணும்னு.

அப்படித்தான் அவளை முதல் தடவை நேர்ல பார்த்தேன். திரையில பார்க்கிறதைவிடக் குள்ளம். ஜீன்ஸ் போட்டிருந்தா. வந்து என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு, "நீங்களா நானு?"ன்னா. அந்தக் குரலைக் கேட்கணும்மா நீங்க. கரகரன்னு, ஜல்லிக்கல் கொட்டுற மாதிரி. இந்த முகத்துக்கு இந்தக் குரலான்னு ஆயிடுச்சு எனக்கு.

வேலாயுதம் என்னைக் கேட்டார், வசனத்துல இல்லாததை ஏன் பேசினீங்கன்னு. நான் எதையும் சேர்க்கலை சார், அவ சொன்னா, நான் தமிழ்ல சொன்னேன்னேன்.

"ஆன்ட்டி, நான் எங்கே சொன்னேன்?"

"ஹூன்னியே. ஹூன்னா சரிதானே?"

"ஹௌது, சரிதான். ஆனா அது அழுகை."

"அழுதுகிட்டே சொன்ன சரி."

நியாயம் என் பக்கம்தானேம்மா. சரவணப்பெருமாள் கதவோரம் பழத்தட்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான். பேசத் தெரியாத பையன். படுத்துக்கிட்டிருந்தப்போ அவ்வளவு பேசினவன், நிக்கிறப்போ ஒரு வார்த்தை வரலை. முகம் வேர்த்துப்போய், மூக்குல பஞ்சு இல்லாதது ஒண்ணுதான் குறை. அப்புறம் மெதுவா வேலாயுதத்துகிட்ட, அவங்க சொல்லலைன்னா நான் கிளம்பறேன் சார், ஊர்ல எல்லாருக்கும் சொல்லிட்டேன், அதை நான் பார்த்துக்கிறேன்னான். தட்டை எங்க வைக்கிறதுன்னு தெரியாம ஜெரால்டோட சவுண்ட் மிக்ஸர் மேல வைக்கப் போனான், ஜெரால்டு தடுத்துட்டான்.

எனக்குப் பொறுக்கலை. வாய்ச்சண்டை எதுக்கு, போட்டுக் கேளுங்கன்னேன். நானே ஹெட்போனை எடுத்து அவ தலையில வச்சேன். பட்டையைக் கொஞ்சம் இழுத்துச் சரி பண்ணினேன். விரிச்ச முடிக்கு மேல அது என்ன அழகா உட்கார்ந்துச்சு தெரியுமா, கிரீடம் மாதிரி. ஜெரால்டு எழவு வீட்டு முதல் எபிசோட்லேர்ந்து ஓட விட்டான்.

மூடின ஹெட்போன்னு சொன்னேனே. எங்க யாருக்கும் ஒரு துளி கேட்கலை. ரூம்ல அத்தனை பேரும் அவ முகத்தையே பார்த்துக்கிட்டு நிக்கிறோம். திரையில பொணமும் அழுகையும் சத்தமில்லாம ஓடுது. எனக்கு மட்டும் எது எங்க வரும்னு தெரியும். முதல்ல அவளுக்குச் சிரிப்பு வந்துச்சு, அது தன் எண்ணிக்கையைக் கேட்டு. அப்புறம் சிரிப்பு நின்னுடுச்சு. ரெண்டு கையாலயும் மெத்தையைக் காதோட அமுக்கிக்கிட்டா. கிளிசரின் இடம் வந்தப்போ திரும்பி அவன் கழுத்தைப் பார்த்தா. அங்க இன்னும் லேசா சிவந்திருந்துச்சு. கை மேல சாஞ்சுக்குங்கன்னு வர்ற இடத்துல ஜெரால்டுகிட்ட விரலைச் சுத்திக் காட்டினா, மறுபடியும் போடுன்னு. மறுபடியும் போட்டான். இன்னொரு தடவைன்னா.

பிறகுதான் தெரிஞ்சுது, அவ அங்க எதையும் கேட்கவே இல்லை. ஃபேன் சத்தம், டைரக்டர் மைக்ல கத்துறது, போதாததுக்கு இவ எண்ணிக்கை தப்பிடக் கூடாதுன்னு அதுலயே குறியா இருந்திருக்கா. இத்தனை நாள் அவன் பேசினதை அவ முதல் தடவையா எங்க ரூம்ல உட்கார்ந்துதான் கேட்கிறா.

கழட்டி மடியில வச்சுக்கிட்டா. பிறகு அவனைப் பார்த்து, உடைஞ்ச தமிழ்ல, "இதையெல்லாம் எழுந்த பிறகு ஏன் சொல்லலை?"ன்னா.

"எழுந்தா நீங்க பார்ப்பீங்களே" அப்படின்னான்.

அவ்வளவுதான்மா பேச்சு. அவ தரையைப் பார்த்தா, தட்டைப் பார்த்தா, அவனைப் பார்த்தா. "சரி"ன்னா. அந்த ஜல்லிக்கல் குரல்ல. சொன்னா பாருங்க, கடைசியில நான் சொன்ன அதே வார்த்தை. ஒரு வாரம் முன்னாடியே சொன்னவ நான். ஆனா எனக்கு யாராவது ஒரு நன்றி சொன்னாங்களான்னா, இல்லை.

நன்றியா, என்ன நடந்துச்சு கேளுங்க. வேலாயுதம் தாடையைத் தடவிக்கிட்டு அவளை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சரின்னா. ஒரு வசனம் சொல்லுன்னார், சொன்னா. இவ குரல்லயே ஒரு கனம் இருக்கே, விதவைக்குப் பொருத்தமா இருக்குமே, இனி இவளே பேசட்டும்னுட்டார். எனக்கு எதிர்லயே. ஆறு வருஷம்மா. ஓனர் இன்னொரு படி மேல போய், அந்தப் புது ஹெட்போனை இனிமே அழுறவங்களுக்குக் கொடுக்கக் கூடாதுன்னு பூட்டி வச்சுட்டார். அதுல தேவையில்லாதது எல்லாம் கேட்குதாம். இப்போ எல்லாருக்கும் பழையபடி நெரிக்கிறதுதான். நான் போகலை. மானம்னு ஒண்ணு இருக்கில்ல.

அந்தப் பொண்ணு நல்லவ, அதைச் சொல்லணும். பத்திரிகை கொடுக்க வீட்டுக்கு வந்தப்போ, இதே மாடலை வாங்கி, பட்டு நூல் கட்டி, தட்டுல வச்சுக் கொடுத்தா. ஆன்ட்டி, நீங்க கேட்டதாலதான் நான் கேட்டேன்னா. நான் அவளை உட்கார வச்சு காப்பி கொடுத்தேன். கொடுத்துட்டு, இப்ப என்ன பிரச்சினைன்னு கேட்டேன். ஏன்னா பிரச்சினை இல்லாம அவ முகம் அப்படி இருக்காது, அந்த முகத்தை எனக்குத் தெரியும்.

பிரச்சினை மாமியார். சரவணப்பெருமாளோட அம்மா நம்ம சீரியலை ஒரு நாள் விடாம பார்க்கிறவங்க. கோதைன்னா உயிர். மகன் கோதையைக் கட்டப்போறான்னதும் ஊர் பூராச் சொல்லிட்டாங்க. இந்தப் பொண்ணு ஆசையா போன் போட்டு, அத்தேன்னு கூப்பிட்டிருக்கா. அவங்க மகனைக் கூப்பிட்டு, யாருப்பா இந்த ஆம்பளை, பொண்ணு போன்ல பேசுறான்னு கேட்டிருக்காங்க. இவன் பயந்துபோய், அவளுக்குத் தொண்டை கட்டியிருக்கும்மான்னு சொல்லிவச்சுட்டான். இப்ப சீரியல்லயும் அந்தக் குரல்தானே வருது, அதையும் தொண்டைக்கட்டுன்னே நினைச்சுக்கிட்டு அந்தம்மா திப்பிலி, பனங்கற்கண்டுன்னு பார்சல் பார்சலா அனுப்புறாங்க. கல்யாணத்துக்குள்ள சரியாயிடும்னு நம்புறாங்க.

ஆன்ட்டி, கல்யாணத்தன்னைக்கு மட்டும்னு என் கையைப் பிடிச்சா. நான் யோசிக்கவே இல்லை. மணவறையில நான் அவளுக்குப் பின்னால, பெரியம்மா முறைன்னு சொல்லி உட்கார்ந்துக்குவேன். மாலை பெருசாத்தான் கட்டச் சொல்லியிருக்கோம். பெரியவங்க யாராவது பேச்சுக் கொடுத்தா அவ தலையைக் குனிஞ்சு வாயை அசைப்பா, குரல் நான். இத்தனை நாள் திரையைப் பார்த்துப் பேசினேன், இப்ப முதுகைப் பார்த்துப் பேசணும், அவ்வளவுதானே வித்தியாசம். ஒத்திகை பார்த்தாச்சு. நான் இழுக்கிற இடத்துல அவ நிறுத்திடறா, அது ஒண்ணைத்தான் சரி பண்ணணும்.

அதுவரைக்கும் அத்தைகிட்ட போன்ல பேசுறதும் நான்தான். தொண்டை கொஞ்சம் திறந்திருக்கு, டிவியில வர்றது முன்னாடி எடுத்ததுன்னு சொல்லி, அவ நம்பர்னு என் நம்பரைக் கொடுத்தாச்சு. அருமையான மனுஷிம்மா. தினம் சாயங்காலம் கூப்பிடுவாங்க. என்ன சமைச்சே, என்ன சாப்பிட்டேன்னு கேட்பாங்க. என்கிட்ட அப்படிக் கேட்கிறதுக்கு வேற யாரு இருக்கா. இந்த ஹெட்போனை மாட்டி போன்ல சொருகிக்கிட்டுப் பேசுவேன், பக்கத்துல உட்கார்ந்து தலையைத் தடவிக் கொடுக்கிறாப்ல இருக்கும் அவங்க குரல். அவங்க மூச்சு வாங்குறதுகூடக் கேட்கும். முட்டிவலி இருக்கு, சொல்ல மாட்டாங்க, எனக்குத் தெரியும்.

நேத்துத்தான் கேட்டாங்க. தயங்கித் தயங்கி. ஏம்மா, கல்யாணத்துக்கு அப்புறம் இந்த நடிப்பெல்லாம் விட்டுட்டு இங்க வந்து என்கூட இருந்துடறியா, அவனும் ஷூட்டிங்னு போயிடுறான், இந்தப் பெரிய வீட்டுல நான் ஒருத்தியாத்தான் இருக்கேன்னாங்க. அந்தக் குரல்ல அவ்வளவு ஏக்கம்மா. சாதா ஹெட்போனா இருந்தா கேட்டிருக்காது. இதுல கேட்டுச்சு. கேட்ட பிறகு எப்படிம்மா முடியாதுன்னு சொல்றது?

சரிங்க அத்தைன்னுட்டேன். அடுத்த மாசமே வந்துடறேன்னுட்டேன். உடனே அவங்க அழுதுட்டாங்க, நானும் அழுதேன். எனக்கே திருப்தியா வந்துச்சு.

அந்தப் பொண்ணுகிட்ட இன்னும் சொல்லலை. முதல்ல தாலி ஏறட்டும். ரெண்டு வாழைப்பழம் இருக்கு, சாப்பிடுறீங்களா?